பயணப் பையில் வைக்க வேண்டியவை

டியெங் மலை, ஜாவா
3 ஜூலை 1994

அன்புத் தம்பி ஹனிஃபுக்கு,

நீ என்னைவிட ஒரு வயது பெரியவன்தான். ஆனாலும் என் அப்பா உன் அப்பாவுக்கு அண்ணன். நம் வழக்கப்படி நானே அக்கா. அக்கா பேச்சைத் தட்டாதே!

"மலையாச்சே, குளிருமா?" என்று கேட்டிருந்தாய். பூமத்திய ரேகை மேலேயே குடியிருப்பவனுக்கு ஏன் இந்தப் பயம்? ஆகஸ்ட் எங்களுக்கு முழுக்கோடை. இங்கே குளிர்வது குளிர்பானம் மட்டுமே. அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், ரப்பர் செருப்பு, தங்கச்சி நூரிக்கு ஊதுகிற நீச்சல் வளையம் போதும். கம்பளி வம்பளிக்கும், வேண்டாம்.

உன் ஒரே அக்கா,
ரத்ரி

பொந்தியானாக்
17 ஜூலை 1994

ரத்ரி அக்காவுக்கு சலாம்.

அம்மா பக்கத்துத் தெருக் கப்பல்காரர் வீட்டில் மூன்று கம்பளிச் சட்டைகள் இரவல் வாங்கி வைத்திருந்தார். உன் கடிதம் வந்ததும் நானே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நூரி நீச்சல் வளையத்தை மாட்டிக்கொண்டே தூங்குகிறாள்.

அப்பாவுக்கு விடுப்பு இல்லை. "அம்மாவும் தங்கச்சியும் உன் பொறுப்பு. ஒழுங்கா கூட்டிட்டுப் போயிட்டு வா, ஜோக்ஜா நகரத்து விடுதியில சேர்த்துப் படிக்க வைக்கிறேன்" என்றிருக்கிறார். வேண்டிக்கொள்.

தம்பி,
ஹனிஃப்

பொந்தியானாக்
20 ஆகஸ்ட் 1994

ரத்ரி,

நூரிக்கு இருமல் நின்றுவிட்டது. உடம்பில் புகுந்த குளிர்காற்றை வெளியேற்ற அம்மா நாணயத்தால் தேய்த்த சிவப்புக் கோடுகள் இன்னும் முதுகில் இருக்கின்றன.

நாங்கள் அங்கே வந்த மறுநாள் காலை உங்கள் உருளைக்கிழங்குச் செடிகள் வெள்ளை வெளேரென்று உறைந்திருந்தன. நீ சிரித்துச் சிரித்து மண்ணில் உட்கார்ந்தாய். பெரியப்பா, "ஏண்டா, குளிருக்கு ஒண்ணுமே எடுத்துட்டு வரலயா?" என்றதும் உன் சிரிப்பு நின்றது. முறையில் மூத்தவளைப் பெரியவர்கள் முன் காட்டிக்கொடுக்கக் கூடாதே. "மறந்துட்டேன், பெரியப்பா" என்றேன்.

இங்கேயும் அதையேதான் சொன்னேன். "ஒரு சட்டைய எடுத்து வைக்க ஞாபகமில்ல, நீ விடுதியில தனியா இருந்து கிழிச்சே!" என்றார் அப்பா. விடுதி விண்ணப்பத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

ஹனிஃப்

டியெங்
4 செப்டம்பர் 1994

ஹனிஃப்,

இது ஐந்தாவது தாள். முதல் நான்கிலும் எப்படியோ ஒரு வேடிக்கை வந்து உட்கார்ந்துகொண்டது. கிழித்துப் போட்டேன்.

எங்கள் ஊரில் மேகமில்லாத கோடை இரவுகளில்தான் பனி உறையும். தெரிந்தேதான் அப்படி எழுதினேன். நீ நடுங்குவதைத் தோழிகளுக்குக் காட்டிச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். நூரியின் உதடு நீலமாகும் என்று நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்.

நீ "மறந்துட்டேன்" என்றபோது நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். வாயில் வறுத்த கிழங்கு இருந்தது. மென்று விழுங்கிவிட்டு இன்னொன்று எடுத்தேன். அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

நேற்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அக்கான்னு கூப்பிடச் சொல்ல மட்டும் தெரிஞ்சுதா?" என்றார். அடித்திருந்தால் தேவலை.

உறையின் மேல் உன் பெயரை எழுதவில்லை. உன் அப்பாவின் பெயரை எழுதியிருக்கிறேன்.

சித்தப்பா, ஹனிஃப் எதையும் மறக்கவில்லை.

ரத்ரி