உறை இழந்த வைரஸ்

அன்புத் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தைத் தரும் டிரைவரின் வண்டியில் உன் பருத்திக்கான வைரஸ் கேன்கள் இருக்கின்றன. இறக்கவிடாதே.

புழுவைக் கொல்லும் அந்த வைரஸை ஆய்வகத்தில் பூச்சிச் செல்களில் திரும்பத் திரும்ப வளர்த்ததில் அதன் மரபணு ஒன்று கெட்டுவிட்டது. வெயிலிலிருந்து அதைக் காக்கும் உறை இப்போது உருவாவதில்லை. தெளித்த இலைகளை வெயிலில் வைத்துப் புழுக்களுக்குக் கொடுத்தேன். ஒரு வாரமாகத் தின்று கொழுக்கின்றன.

எங்கள் ஆய்வக இயக்குநரிடம் சொன்னேன். "தெளிக்கிறதைப் பார்க்க ஆளுங்க வர்றாங்க. வாயை மூடிக்கிட்டு அனுப்புங்கம்மா," என்றார்.

"தெளிக்கப்போறது என் தம்பி வயல்ல, சார்."

"அதனாலதான் சொல்றேன். அவர் கேள்வி கேக்கமாட்டார்."

கேன்களை அப்படியே திருப்பி அனுப்பு. யார் கேட்டாலும் அக்கா சொன்னாள் என்று சொல். எனக்கு ஒன்றும் ஆகாது.

நம் வீட்டு மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது?

உன் அக்கா