காதர் முடிக்காத ஒத்தடக் கதை

என் அன்பிற்கினிய தம்பி காதருக்கு,

நீர் மறைந்து நான்கு திங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் உம் மணை இன்னும் என் மணைக்கு அருகிலேயே கிடக்கிறது. அதை எடுத்துப் போடுபவன் நான்தான். அதில் ஒருவரும் அமர்வதில்லை.

காரணம் உமக்குத் தெரியும், மற்றவர்க்காகச் சொல்கிறேன். பாடம் முடிந்ததும் மாணவருள் ஒருவர், தெரிந்த கதையொன்றைத் தம் போக்கில் மாற்றிச் சொல்வார். கேட்டவருள் ஒருவர் ஒரு கேள்வி போடுவார். அதற்குப் பதில் வந்தால்தான் சொன்னவரின் முறை முடியும். அதுவரை அவர் மணை அவருக்கே; அதன் பிறகே அடுத்தவர் கதை. தலை நரைத்த பிறகு பாடம் கேட்க வந்த நாம் வகுத்துக்கொண்ட விதி அது.

உம் கடைசி முறையில், பிட்டுக்கு மண் சுமந்த கதையை எடுத்தீர். வைகை உடைந்தபோது, கரை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது அரசன் ஆணை. ஆளற்ற கிழவிக்காக, உதிர்ந்த பிட்டே கூலியென்று சொக்கநாதரே வந்தார். வேலையை விட்டு உறங்கினார். அரசன் பிரம்பால் அடிக்க, அவ்வடி எல்லா உயிர்களின் முதுகிலும் விழுந்தது. ஊரறிந்த கதை முடிகிற அந்த இடத்தில் உம் கதை தொடங்கியது.

"அண்ணே, அம்புட்டுப் பேரு முதுகுலயும் அடி விழுந்துருச்சு. தன் முதுகுக்குத் தானே ஒத்தடம் குடுக்க முடியுமா? கை எட்டாதுல்ல! கெழவி மிச்சப் பிட்டைச் சூட்டோட துணியில முடிஞ்சு பக்கத்து வீட்டுக்காரி முதுகுல வச்சா. அவ அடுத்தவ முதுகுல வச்சா. அன்னைக்குத்தான் இந்த ஊரு ஒருத்தர ஒருத்தர் தொட்டுச்சு."

"ராசாவுக்கும் பிட்டுத்தானா, இல்ல அல்வாவா?" என்றார் பாத்திரக்கடை முத்தையா. வகுப்பே சிரிப்பில் அதிர்ந்தது.

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. ஆனால் தேவாரம் ஓதிப் பழகிய நாவென்னும் செருக்கு விடவில்லை. நன்று என்று சொல்ல வேண்டிய வாய், "ஏட்டுல இல்லாத ஒத்தடமா இருக்கேப்பா. சரி, யாருமே இல்லாத ஒத்தையாளுக்கு யாரு வச்சா?" என்று கேட்டது.

"நல்லா மாட்டிவிட்டீக அண்ணே. அடுத்த வாரம் சொல்றேன். போயிட்டு வாரேன்" என்று எழுந்தீர். வெள்ளியன்று காய்ச்சல் என்றார்கள். சனியன்று உம்மைத் தோளில் சுமந்து போனார்கள். பள்ளிவாசல் வரை நானும் நடந்தேன்.

இல்லாள் போனபின் விளாங்குடி வீட்டில் நான் ஒருவனே என்பதை நீர் அறிவீர். அந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்டேன் என்பதையும் அறிந்திருந்தீரோ?

சென்ற ஞாயிறு முத்தையா என்னிடம் வந்தார். "அய்யா, நாலு மாசமா கதையே இல்ல. அந்தக் கேள்விய வாபஸ் வாங்கிருங்களேன்."

"மாட்டேன்" என்றேன். கேள்வி நிற்கும்வரை உம் முறை நிற்கும். உம் மணையும் நிற்கும். வேறென்ன இருக்கிறது எனக்கு?

நேற்று பிட்டுத் திருவிழா. யுத்தகாலத் தட்டுப்பாட்டில் பிட்டு ஒரு சிட்டிகைதான் கிடைத்தது. ஆண்டுதோறும் சுவாமியின் திருமுகத்தை நோக்கியே கும்பிட்டவன், இம்முறை கூட்டம் நெருக்கித் தள்ளியதில் பல்லக்கின் பின்புறம் போய் நின்றேன். மாலைகளுக்கிடையே அந்த முதுகு தெரிந்தது. முதல் அடி விழுந்தது அங்கேதானே? ஊரெல்லாம் ஒருவர்க்கொருவர் ஒத்தடம் வைத்தபோது, ஆற்றங்கரையில் கூடையோடு நின்ற அந்தக் கூலியாளுக்கு யார் வைத்தார்?

பதில் அதுதான், தம்பி. யாருமற்றவன் தன் சிட்டிகைப் பிட்டைத் துணியில் முடிந்துகொண்டு கரைக்கு வருகிறான். அங்கே தன்னைப் போலவே ஒருவர் தனியே அமர்ந்திருக்கக் காண்கிறான். "திரும்பி உக்காருங்கய்யா" என்கிறான். அவர் திரும்புகிறார். பிறகு இவனைத் திரும்பச் சொல்கிறார். ஏட்டில் இதுவும் இல்லை.

வரும் ஞாயிறு உம் மணையில் அமர்ந்து, உம் பெயரால் இதைச் சொல்லி உம் முறையை நிறைவு செய்வேன். அதற்கு முன், அன்று சொல்லாது விழுங்கிய சொல்லை எல்லோரும் கேட்கச் சொல்வேன்: கதை நன்று. பிறகு அடுத்த கதை சொல்ல, அந்த மணையை நானே முத்தையாவுக்கு நகர்த்திக் கொடுப்பேன்.

உம் கதைக்குக் கேள்வி போட்ட பாவத்தைப் பதிலால் கழுவ வரும்,
உம் அண்ணன்
சொக்கலிங்கம்