சுருதி ஏன் இறங்கியது

செவ்வாய், இரவு

தங்கை ஸ்டெல்லாவின் பாட்டுப் பயிற்சிக்கு நான் செய்துகொடுத்த சுருதிப் பெட்டியில், பக்கத்துக் கரும்புக் கொல்லையில் மோட்டார் ஓடினாலே சுருதி இறங்கிவிடும். மோட்டார்தான் கரண்டைக் கெடுக்கிறது என்று போன வாரம் கொல்லைக்காரர் ஏழுமலை அண்ணனிடம் சண்டையே போட்டேன்.

இன்று பெட்டியை பேட்டரியில் ஓடவிட்டு, அவரை மோட்டார் போடச் சொன்னேன். அப்போதும் சுருதி இறங்கியது! கொல்லைக் கரண்ட் பேட்டரிக்குள் எப்படி வரும்? திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லாவின் கை வால்யூம் திருகில் இருந்தது.

"இன்னாடி பண்ண?"

"சத்தத்த ஏத்துனேன்கா. மோட்டார் ஓடுனா சுருதி எங்க கேக்குது? எப்பவும் ஏத்துவேனே."

சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கர் அதிகக் கரண்டை இழுக்கும். அதே பேட்டரியில் ஓடும், சுருதியை எழுப்பும் ஆஸிலேட்டருக்கு வோல்டேஜ் குறையும், சுருதி இறங்கும். தப்பு என் சர்க்யூட்டில்தான். ஆஸிலேட்டருக்கென்று தனியாக, வோல்டேஜ் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ரெகுலேட்டர் வைத்தேன். முழுச் சத்தத்திலும் சுருதி அசையவில்லை. ஸ்டெல்லா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டை முழுதாகப் பாடி முடித்தாள்.

சாயங்காலம் ஏழுமலை அண்ணனிடம் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை.

"அப்ப இனிமே பகல்லயே தண்ணி கட்டலாமாம்மா?" என்றார்.

ஒரு வாரமாக அவர் இருட்டில் எழுந்து தண்ணீர் கட்டியிருக்கிறார். எனக்குத் தெரியவே தெரியாது.