நீல ஒளிக் கண்ணாடியும் என் வாயும்

12 ஜனவரி 2025, ஞாயிறு

அஃப்னாவுக்கு முதல் சம்பளம். பாலிடெக்னிக் படிப்புக்கு நடுவில் வார இறுதிகளில் பபிள் டீ கடையில் நின்று சம்பாதித்தது. அவள் அத்தாவுக்கு ஒரு சட்டை. எனக்கு ஒரு மூக்குக் கண்ணாடி.

"ம்மா, இது ப்ளூ லைட் கண்ணாடி. ஸ்க்ரீன்லேர்ந்து வர்ற நீல வெளிச்சத்தைத் தடுக்கும். உங்களுக்கு இனிமே கண்ணு எரியாது."

எரியாமல் என்ன செய்யும்? தமிழ்த் தொடர்களுக்குத் திரையின் அடியில் ஆங்கில வசனம் போடுவது என் பிழைப்பு. ஊரில் உள்ள மாமியார் கொடுமை மொத்தமும் என் கண் வழியாகத்தான் ஆங்கிலத்துக்குப் போகிறது. மத்தியானம் ஆனால் கண்ணில் மிளகாய் பட்ட மாதிரி இருக்கும், சாயங்காலம் தலைவலி.

போட்டுப் பார்த்தேன். தேன் நிற ஃபிரேம். என் வீட்டுக்காரர் இர்ஃபான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "லெக்சரர் மாதிரி இருக்கே" என்றார். இந்த மனிதர் வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெருநாள்தான்.

15 ஜனவரி, புதன்

கண்ணாடி போட்டுக்கொண்டே எரிகிறது. பழக வேண்டுமோ?

19 ஜனவரி, ஞாயிறு

"எப்படிம்மா இருக்கு?" என்று சாப்பிடும்போது கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன்.

"சூப்பரா இருக்கும்மா. தலைவலியே போயிருச்சு."

பிள்ளை முதல் காசில் வாங்கியதற்குக் குறை சொல்லும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. என் முதல் சம்பளத்தில் உம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த செருப்பு அவர் காலைக் கடித்தது. தேய்ந்து போகும் வரை போட்டிருந்தார், வாயே திறக்கவில்லை.

நான் அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணாடியோடு ஒரு படம் எடுத்து, குடும்பக் குரூப்பில் போட்டு, கூடவே ஒரு குரல் செய்தியும் அனுப்பினேன். "மக வாங்கித் தந்தது, கண்ணுக்குக் குளு குளுன்னு இருக்கு" என்று. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஆளாளுக்குப் பூப்பூவாக அனுப்பினார்கள். அஃப்னா முகத்தில் ஒரே சிரிப்பு.

26 ஜனவரி, ஞாயிறு

சிங்கப்பூரின் அந்தப் பக்கம், புக்கிட் பாத்தோக்கிலிருந்து என் அக்கா, லாத்தா, கூப்பிட்டார். தேக்கா சந்தைக்குக் கறி வாங்கப் போனவர், அதே மாதிரி கண்ணாடி ஒன்றை வாங்கி வந்துவிட்டாராம். மச்சான் மவுத்தாகி லாத்தா தனி ஆளான பிறகு அவருக்குத் துணை ஃபோன்தான். மார்க்க பயான் கேட்பதும் அதில்தான், தொடர் பார்ப்பதும் அதில்தான்.

"நீ சொன்னா சரியாத்தான்லா இருக்கும்" என்றார். என்னைவிட ஒன்பது வயது பெரியவர், என் வார்த்தையை நம்பி வாங்கியிருக்கிறார். பவர் இல்லாத கண்ணாடிதானே, யாருக்கு என்ன கெடுதல் என்று விட்டுவிட்டேன்.

5 பிப்ரவரி, புதன்

கெடுதல் இருக்கிறது.

மத்தியானம் லாத்தா கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாக, "முனீரா, ஃபோன்ல எழுத்தெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு தெரியுது. புதுக் கண்ணாடி பழகுற வரைக்கும் அப்படித்தானே இருக்கும்?" என்றார்.

எனக்கு அப்படி வளையவில்லையே என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது வந்தது. லாத்தாவுக்கு சுகர் இருக்கிறது. அதற்காக வருடா வருடம் பாலிகிளினிக்கில் கண்ணுக்குள்ளே படம் எடுப்பார்கள். போன வருடமே ஏதோ சாக்குச் சொல்லிப் போகவில்லை. இந்த வருடம் தேதி கொடுத்திருந்தார்கள், அதையும் தள்ளிப் போட்டுவிட்டாராம்.

"ஏன் லாத்தா?"

"அதான் கண்ணாடி இருக்கே லா. நோம்பும் வருது. பெருநா முடிஞ்சு பாத்துக்கலாம்."

போங்க போங்க என்று கெஞ்சினேன். சும்மா இரு என்றுவிட்டார். என் வாய் இருக்கே வாய்... குளு குளுவாம். யார் கேட்டா இந்த குளு குளுவ? சொந்த செலவுல சூனியம் வச்சுக்கறதுன்னா இதுதான். இல்ல, எனக்கு வச்சிருந்தாலும் பரவாயில்ல, லாத்தாவுக்குல்ல வச்சிருக்கேன்.

8 பிப்ரவரி, சனி

காலையிலேயே லிட்டில் இந்தியா போனேன். சிராங்கூன் ரோட்டுக்கு ஒரு தெரு உள்ளே தள்ளியிருக்கும் கண்ணாடிக் கடை. கண் பார்ப்பவர் பெயர் சாமுண்டீஸ்வரி, முப்பது வயதிருக்கும். முதலில் என் கண்ணைப் பார்க்கச் சொன்னேன்.

என் தேன் நிறக் கண்ணாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னை நாற்காலியில் உட்கார வைத்து, ஒவ்வொரு வில்லையாக மாற்றி மாற்றிப் படிக்கச் சொன்னார்.

"ரீடிங் பவர் வந்திருக்கு அக்கா. பவர் இல்லாம இத்தனை நாள் கஷ்டப்பட்டு படிச்சிருக்கீங்க, அதான் தலைவலி. நாப்பத்தஞ்சு வாக்குல எல்லாருக்கும் வர்றதுதான்."

"எனக்கு நாப்பத்துநாலுதான்" என்றேன். சிரித்துவிட்டார். அப்படி ஒன்றும் சிரிக்கிற விஷயமில்லை.

இந்த நீல ஒளிக் கண்ணாடி நிஜமாகவே உதவுமா என்று கேட்டேன். அவர் கடையிலேயே விற்கிறார்கள், மழுப்புவார் என்று நினைத்தேன். மழுப்பவில்லை.

"ஆராய்ச்சி பண்ணிப் பாத்திருக்காங்க. ஸ்க்ரீன் பாத்து வர்ற அசதிக்கு இதால பெரிய வித்தியாசம் தெரியல. கெடுதலும் இல்ல. ஸ்க்ரீனையே பாக்கும்போது நாம கண்ணைச் சரியா சிமிட்டறதில்ல, கண்ணு காஞ்சிருது. ஏர்கான் நேரா முகத்துல அடிக்குதா?"

அடிக்கிறது. என் மேசைக்கு நேர் மேலேதான் ஏர்கான்.

அப்புறம் லாத்தா விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த வில்லையைக் கீழே வைத்துவிட்டார்.

"வளைஞ்சு தெரியுதுன்னா சொன்னாங்க? சுகரும் இருக்கா? அக்கா, அது எந்தக் கண்ணாடிக்கும் அடங்கற விஷயமில்ல. கண்ணுக்குப் பின்னால ரத்தக் குழாய் கசிஞ்சாலும் அப்படித் தெரியலாம். பெருநாள் வரைக்கும் விடாதீங்க. இப்பவே காட்டணும்."

வாசலில் நின்றபடியே லாத்தாவுக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, அஃப்னா மனசு நோகக் கூடாதென்று நல்லாயிருக்கு என்று சொன்னேன், அது பொய், என்று சொன்னேன்.

அவர் நம்பவில்லை.

"அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? என்னைய டாக்டர்கிட்ட அனுப்பத்தானே இப்படிச் சொல்றே? எனக்குத் தெரியாதா உன்னைய?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாயிற்று. இனி குத்துகிறது குடைகிறது என்று அழுது என்ன ஆகப் போகிறது?

9 பிப்ரவரி, ஞாயிறு

ஒரே வழிதான் இருந்தது. எல்லோர் காதிலும் விழச் சொன்னதை எல்லோர் காதிலும் விழவே மாற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் குரூப்பில் அஃப்னாவும் இருக்கிறாள். முன்னாடியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றால் அவள் கடைக்குக் கிளம்பிப் போய்விட்டாள், வேலை நேரத்தில் ஃபோனை எடுக்கமாட்டாள். சாயங்காலம் வரை பொறுக்கலாமா? பொறுத்தால் எனக்கு தைரியம் போய்விடும்.

இர்ஃபானிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "புள்ள மனசு ஆறிரும். கண்ணு போனா போனதுதான்."

பேசி அனுப்பினேன். "அஃப்னா வாங்கிக் கொடுத்த கண்ணாடி அழகா இருக்கு, ஆனா கண் எரிச்சல் போகல. போச்சுன்னு நான் சொன்னது பொய். எனக்கு வேண்டியது படிக்கிற கண்ணாடி. லாத்தா, உங்களுக்கு வேண்டியது டாக்டர். அல்லாஹ்வுக்காக நாளைக்கே போங்க."

கொஞ்ச நேரத்தில் லாத்தா கூப்பிட்டார். "புள்ள கேக்குற எடத்துல சொல்லிட்டியேடி. அப்ப நெசந்தான்" என்றார். அடுத்த கேள்வி சின்னக் குரலில் வந்தது. "கூட வருவியா?"

10 பிப்ரவரி, திங்கள்

பாலிகிளினிக்கில் சீக்கிரமாக ஒரு தேதி கேட்டிருக்கிறோம். அஃப்னா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டாள், கதவை மூடிக்கொண்டாள்.

12 பிப்ரவரி, புதன்

பேசிவிட்டாள்! துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், பக்கத்தில் வந்து நின்றாள்.

"ம்மா, கோபமெல்லாம் கண்ணாடிக்கு இல்ல. என்கிட்ட first சொல்லியிருக்கலாம்ல? குரூப்ல கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா?"

தப்புத்தான் என்றேன். ஈரத் துணி ஒன்றை எடுத்து உதறியவள் சிரிக்க ஆரம்பித்தாள்.

"வாங்கும்போதே அந்தக் கடை அங்கிள் சொன்னாரு, பெருசா ஒண்ணும் எதிர்பார்க்காதம்மான்னு. அந்த ஃபிரேம் உங்க மூஞ்சிக்கு நல்லாருக்கும்னுதான் வாங்கினேன். நீங்க சூப்பர்னு சொன்னதும் நானே நம்பிட்டேன், நெஜமாவே work ஆகுது போலன்னு."

இரண்டு பேரும் ஈரத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் எதிர் பிளாக்கில் ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை அஃப்னாவே என்னைச் சாமுண்டீஸ்வரியிடம் கூட்டிப் போகிறாள், இதே ஃபிரேமில் படிக்கிற வில்லை போட.

20 பிப்ரவரி, வியாழன்

லாத்தா கண்ணைப் படம் எடுத்தார்கள். பார்த்ததும் உடனே ஆஸ்பத்திரி கண் மருத்துவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். லாத்தா டாக்ஸியில் அந்தக் கடிதத்தைப் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக வந்தார். யா அல்லாஹ்.

27 பிப்ரவரி, வியாழன்

கசிவுதான். பார்வையின் நடுப்பகுதிக்கு ரொம்பப் பக்கத்தில். மாதம் ஒரு ஊசி, கண்ணிலேயே. "இப்போ வந்தது நல்லதாப் போச்சு. தாமதிச்சிருந்தா போன பார்வையைத் திருப்பறது கஷ்டம்" என்றார் டாக்டர்.

முதல் ஊசி இன்றே. உள்ளே போகும் முன் லாத்தா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தி இன்னும் தடம் இருக்கிறது. வெளியே வந்ததும், "எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல லா" என்று எல்லோருக்கும் ஃபோன் போட்டுப் பீற்றிக்கொண்டார்.

18 மார்ச், செவ்வாய்

புதுக் கண்ணாடியோடு ஒரு முழுத் தொடரை முடித்தேன். மேசையை ஏர்கானுக்குக் கீழேயிருந்து நகர்த்தியாயிற்று. ஒரு காட்சி முடிந்தால் எழுந்து ஜன்னலுக்குப் போய் எதிர் பிளாக்கில் மூங்கில் கழிகளில் காயும் துணிகளைப் பார்க்கிறேன், நன்றாகக் கண் சிமிட்டுகிறேன். அங்கே பார்ப்பவர்கள் என்ன நினைக்கிறார்களோ. எரிச்சல் முக்கால்வாசி போய்விட்டது. தலைவலி சுத்தமாக இல்லை. இது நிஜம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

31 மார்ச், திங்கள், நோன்புப் பெருநாள்

எழுத்து வளைவது குறைந்திருக்கிறது என்றார் லாத்தா. அல்ஹம்துலில்லாஹ். பிரியாணி கொஞ்சம் குழைந்துவிட்டது, யாரும் சொல்லவில்லை. எங்கள் குடும்பம் அப்படி.

7 ஜூன், சனி, ஹஜ்ஜுப் பெருநாள்

லாத்தா ஈசூனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். போன வாரத்தோடு நாலு ஊசி. தனியாகவே எம்ஆர்டி ரயிலில் வந்து இறங்கினார்.

சாப்பிட்டு முடித்து, அவருக்குப் பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். குடிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன லாத்தா?"

"முனீரா, உனக்கு நரைச்சிருச்சேடி. வகிடு பூராவும். எப்பலேர்ந்து?"

இரண்டு வருடமாக இருக்கிறது. மாதா மாதம் வருகிறார், இதே நாற்காலியில்தான் உட்காருகிறார். இத்தனை நாள் அவருக்கு என் முகம் எப்படித்தான் தெரிந்திருக்கும்? கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

நரைக்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துவிட்டார். எழுந்து வந்து தலையைத் தடவி, "சீ, இதுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா? மருதாணி போட்டா மறைஞ்சிரும்டி" என்று தேற்றினார்.

சரி லாத்தா, போட்டுக்கிறேன் என்றேன்.