எலி வயிற்றில் ஒரு கீச்

பிப்ரவரி 6

அன்பும் பயமும் கலந்த அண்ணிக்கு (அன்பு உங்கள் மேல், பயம் அம்மா மேல்),

வாலு எழுதுகிறேன். கடிதமா என்று மயங்கி விழ வேண்டாம். என் போன் அம்மாவின் அலமாரியில் ஆயுள் கைதியாக இருக்கிறது. பள்ளிக்கூட மணிச் சத்தத்தைப் பதிந்து வைத்து, இருபது நிமிடம் முன்னாலேயே ஒலிக்கவிட்டேன். மூன்று வகுப்பு வீட்டுக்குப் போய்விட்டது. கடைசியாக ஓடியவர் கணக்கு வாத்தியார். அம்மாவின் போன் எப்போதும் ஸ்பீக்கரில் அலறும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே ரகசியம் பேசத் தபால்தான் வழி.

இப்போது நிஜ அதிர்ச்சி. உட்கார்ந்துகொண்டு படியுங்கள். இந்தப் பெட்டியில் இருக்கிற பன்னிரண்டு பொம்மையும் உங்கள் மாமியார் கையால் பின்னியவை! ஆமாம், உங்களோடு போனில் மூன்றே வாக்கியம் பேசுகிற அதே மாமியார். "நல்லா இருக்கியா? கொழந்த நல்லா இருக்கா? அவன்கிட்ட குடு." கல்யாணம் ஆகி மூன்று வருடமாக நாலாவது வாக்கியத்துக்கு நானும் காத்திருக்கிறேன். அது பெட்டியாக வந்திருக்கிறது.

மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குரோஷே ஊசியும் பருத்தி நூலுமாக உட்கார்ந்துவிடுவாள். அண்ணிக்காக ஆயிரம் கண்ணி! ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஓர் எழுத்து. அ அணில், ஆ ஆமை, எ எலி, ஒ ஒட்டகம். ஔ வந்ததும் மூன்று நாள் தவித்தாள். கடைசியில் ஔடதம் என்று ஒரு மருந்துப் புட்டி! "பொறந்து எட்டு மாசம் ஆன புள்ளைக்கு மருந்து பாட்டிலாம்மா?" என்றேன். "என் பொழப்பும் அதுக்குத் தெரியட்டும்டி" என்றாள்.

கண்ணுக்குப் பித்தான் கிடையாது, மணி கிடையாது, எல்லாம் நூல் தையல்தான். ஒரு பொம்மை முடிந்ததும் அம்மா அதைச் சுடுதண்ணியில் ஊறவைத்துக் காயப்போட்டு, பிறகு (சிரிக்காதீர்கள்) வாயில் வைத்துக் கடித்து இழுப்பாள். காது, வால், மூக்கு, எல்லாம். "பல்லு மொளைக்கிற கொழந்த இப்படித்தான் இழுக்கும். என் பல்லுக்கு அசையலைன்னா அதோட ஈறுக்கு அசையாது." ஒட்டகத்தின் வால் இரண்டு தடவை பெயிலாகி மூன்றாவது தடவை பாஸ் ஆனது. வாசலில் வந்த தபால்காரர், அம்மா ஆமையைக் கவ்விக்கொண்டு நிற்பதைப் பார்த்து விலாசத்தை மறந்துவிட்டார்.

உங்களுக்காகச் செய்தது என்று சொல்லக் கூடாதாம். சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். அண்ணன் எலியைக் கையில் எடுக்கும்போது பக்கத்தில் இருந்து அவன் முகத்தைப் பார்த்து எனக்கு விவரமாக எழுதுங்கள். வீராதி வீரன் எலிக்கு நடுங்குவது உங்களுக்குத் தெரியும்தானே?

நம் டமாரத்துக்கு (அவள் அழுவது இங்கேயே கேட்கிறது) என் முத்தம்.

இப்படிக்கு
உங்கள் ஒரே நாத்தனார், ஒரே தொல்லை
வாலு


பிப்ரவரி 15

என் செல்ல வாலுக்கு,

அடிப்பாவி! எலி கத்தும் என்று நீ முன்கூட்டியே சொல்லியிருந்தால் நான் கேமராவோடு நின்றிருப்பேன்.

உன் அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்து டமாரத்திடம் காட்டிக்கொண்டிருந்தார். எலி வந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு வயிற்றை ஒரு அமுக்கு அமுக்கினார். கீச்! என்னைப் பெற்றவளே என்று ஒரு கத்தல். அடுத்த நொடி ஆள் சோபா மேல் நிற்கிறார், எலி ஜன்னல் திரையில் தொங்குகிறது. டமாரம் இதுவரை இல்லாத அளவுக்குச் சத்தம் போட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது.

எனக்குள் இருக்கிற அதிர்ச்சி என்ன தெரியுமா? அத்தைக்கு இப்படி ஒரு குறும்பு இருக்கிறதா? மூன்று வருடமாக என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிடிக்காத வீட்டுக்கு யாராவது எலி வயிற்றில் கீச்சு வைத்து அனுப்புவார்களா? மகன் பயந்து குதிப்பான், மருமகள் பார்த்துச் சிரிப்பாள் என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறார்களே! பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். உன் அண்ணனிடம் சொல்லாதே.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி நன்றி சொல்லப்போகிறேன். எலியைப் பற்றிச் சொல்லிச் சிரிக்க எனக்கு ஆசைதான், ஆனால் பழக்கமில்லாத இடம். சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்களா? நீ சொல்லும் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன்.

அன்புடன்
அண்ணி


பிப்ரவரி 20

அன்பு அண்ணிக்கு,

சோபா மேலேயா? அந்தக் காட்சிக்கு டிக்கெட் வைத்திருந்தால் நான் இப்போது கோடீஸ்வரி.

எலி விஷயத்தை அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நான் சொல்கிறேன் கேளுங்கள். நன்மை செய்து மாட்டிக்கொண்டால் வெட்கப்படுகிற ஜாதி அம்மா. செய்த குறும்பை எதிரில் வைத்துப் பேசினால் ஆமை மாதிரி உள்ளே போய்விடுவாள். இனிமேல் பேசும்போதும் "பொம்மை எல்லாம் ரொம்ப அழகா இருக்கு அத்தை" என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

ஞாயிற்றுக்கிழமை என்ன பேசினீர்கள் இரண்டு பேரும்? இருபத்திரண்டு நிமிடம்! நான் கடிகாரம் பார்த்தேன். அம்மா போனை வைத்துவிட்டு, "பரவால்லடி, நல்லாத்தான் பேசறா" என்றாள். எனக்குக் கையில் இருந்த டம்ளர் நழுவியது. இப்போது க, ங, ச ஆரம்பித்துவிட்டாள். ங-வுக்கு என்ன பின்னுவது என்று வீடே தலையைப் பிய்த்துக்கொள்கிறது.

இப்படிக்கு
சமாதானப் புறா (வால் உள்ளது)


மார்ச் 19

வாலுக்கு,

பாப்பாவை மடியை விட்டு இறக்காமல் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

போன வியாழக்கிழமை காலை பத்தரை மணி. துணி மடித்துக்கொண்டிருந்தேன். பாப்பா பாயில் எலியைக் கடித்தபடி இருந்தாள். பல் வருகிற நேரம், எப்போதும் அந்த எலிதான் வேண்டும். கீச் கீச்சென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. பிறகு வரவில்லை. சத்தம் நின்றதை நான் கவனிக்கவே ஒரு சட்டை மடிக்கிற நேரம் ஆகிவிட்டது.

திரும்பிப் பார்த்தால் அவள் வாயைத் திறந்து வைத்திருக்கிறாள். அழுகை வரவில்லை. உதடு நீலமாக இருந்தது. எலியின் வால் பக்கம் பிரிந்து பஞ்சு வெளியே கிடந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. கையில் சட்டையோடு நின்றேன். கத்தினேன் என்று எதிர் வீட்டு நர்ஸம்மா சொல்கிறார்கள், எனக்கு ஞாபகம் இல்லை. அவர்கள்தான் ஓடிவந்து குழந்தையை முன்கையில் குப்புறப் போட்டு, தலையைத் தாழ்த்தி, முதுகில் தட்டினார்கள். நாலாவது தட்டில் வெள்ளையாக ஒரு பிளாஸ்டிக் வில்லை தரையில் விழுந்தது. சின்ன விரல் நகம் அளவுதான். அதற்கப்புறம் அவள் அழுதாள். அந்த அழுகையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே வேறெதுவும் இல்லை. தொண்டையில் சின்னக் கீறல், ஆறிவிடும் என்றார்கள்.

உன் அண்ணன் அன்றைக்கே போன் பண்ணியது உனக்குத் தெரிந்திருக்கும். "எலிக்குள்ள என்னத்தம்மா வெச்ச?" என்று கேட்டார். "நான் எதுவுமே வெக்கலையேப்பா" என்றார்கள். "அப்ப எலி தானா முழுங்கிச்சா?" என்று இவர் கத்தினார்.

வைத்தது தப்பு. தெரியாமல் நடந்தது என்றால் நான் என்றாவது ஆறியிருப்பேன். ஆனால் வைக்கவே இல்லை என்று சாதிக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்த வாயால்தானே கடித்துப் பார்த்தார்கள்?

மீதிப் பதினொன்றையும் பெட்டியில் போட்டு அனுப்புகிறேன். இனிமேல் எதுவும் பின்ன வேண்டாம் என்று சொல்லிவிடு. கொஞ்ச நாளைக்கு யாரும் இங்கே வரவும் வேண்டாம்.

அண்ணி


மார்ச் 25

அண்ணிக்கு,

அந்தக் கீச்சை வைத்தது நான்.

இந்த வரியை எழுத ஐந்து தாள் கிழித்தேன். முதல் தாளில் ஒரு ஜோக் இருந்தது. என் கையே எனக்கு அருவருப்பாக இருந்தது.

எலி பாஸான மறுநாள், அம்மா வேலைக்குப் போயிருந்தபோது, வாலுக்குக் கீழே நூலை வெட்டினேன். பக்கத்து வீட்டு நாய் கடித்துப் போட்ட பொம்மைக்குள் கீச்சுக் குமிழ் ஒன்று இருந்தது, கோலிக்குண்டை விடக் கொஞ்சம் பெரிது. சோப்புப் போட்டுக் கழுவினேன். ரொம்பச் சுத்தமாகச் செய்கிறோம் என்று பெருமை வேறு. அதன் வாயில் ஒரு வில்லை இருப்பதைப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பஞ்சுக்குள் திணித்து, எனக்குத் தெரிந்த மாதிரி நாலு தையல் போட்டு ஒரு முடிச்சு போட்டேன். அம்மா முடிக்கிற நூலை உடம்பு முழுக்க இழுத்து உள்ளே புதைப்பாள். எனக்கு அது தெரியாது. கடித்துப் பார்க்கவும் இல்லை. பரீட்சை முடிந்த பிறகு விடைத்தாளைத் திறந்து எழுதியவள் நான்.

அது கூடப் போகட்டும். நீங்கள் கேட்டு எழுதினீர்கள், அம்மாவிடம் சொல்லலாமா என்று. சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அம்மா, "ஐயோ, அத வெட்டி எடு முதல்ல" என்று அலறியிருப்பாள். நான்தான் சொல்ல வேண்டாம் என்று எழுதினேன். மாட்டிக்கொள்வேன் என்று பயம். அதோடு நீங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டதும் எனக்குப் பிடித்திருந்தது. என் பொய்யில் ஒட்டியதுதானே என்று அப்போது சிரித்துக்கொண்டேன்.

அண்ணன் கத்தியபோது ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது. நான் இரண்டடி தள்ளி நின்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரு நாள் இல்லை, பன்னிரண்டு நாள்.

அந்தப் பன்னிரண்டு நாளில் நடந்ததை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அம்மா உங்களிடம் சாதிக்கவில்லை அண்ணி. அவள் தன்னையே நம்புவதை விட்டுவிட்டாள். "நான் வெச்சிருக்கணும். இல்லன்னா எப்படி உள்ள போகும்? வெச்சது எனக்கு ஞாபகமில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அடுப்பை அணைத்துவிட்டு மூன்று முறை போய்ப் பார்த்தாள். நீங்கள் அனுப்பிய பெட்டி வந்ததும் பதினொன்றையும் கத்தரியால் வெட்டி, பஞ்சை எல்லாம் பிய்த்துத் தேடினாள். ஒட்டகம், ஆமை, மருந்துப் புட்டி எல்லாம் கிழிந்து கூடம் முழுக்கக் கிடந்தது. ஒன்றுமில்லை என்று தெரிந்தும் மறுபடி தேடினாள். திங்கட்கிழமை மருந்துக் கடை முதலாளியிடம் போய், "எனக்கு ஞாபகம் தப்புது. தப்பு மருந்து எடுத்துக் குடுத்துட்டேன்னா ஒரு உசுரு போயிடும்" என்று சொல்லி வேலையை விட்டுவிட்டு வந்தாள். பத்தொன்பது வருட வேலை. மூளை டாக்டரைப் பார்க்கச் சீட்டும் எழுதி வாங்கிவிட்டாள்.

அந்தச் சீட்டை மேஜையில் பார்த்தபோதுதான் சொன்னேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அம்மா கேட்ட முதல் கேள்வி, "அப்ப என் மூளைக்கு ஒண்ணுமில்லையாடி?" சீட்டை நாலாக மடித்து வைத்துவிட்டு, "அந்தக் கொழந்த போயிருந்தா என்னடி பண்ணியிருப்ப? அப்பவும் பேசாம நின்னிருப்பியா?" என்றாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்னை மன்னிக்க வேண்டாம். கேட்கிற தகுதியில் நான் இல்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு போன் பண்ணுங்கள். அண்ணனையும் பேசச் சொல்லுங்கள்.

பாப்பா இப்போது விழுங்கும்போது அழுகிறாளா? ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு
நான்


ஏப்ரல் 11

நாத்தனாருக்கு,

பாப்பா நன்றாக விழுங்குகிறாள். தொண்டை ஆறிவிட்டது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், நீ கேட்டிருந்ததால்.

உன் கடிதம் வந்த அன்றைக்கே பதில் எழுத உட்கார்ந்தேன். வந்த வார்த்தைகளை உனக்கு அனுப்ப முடியாது. அதனால்தான் இத்தனை நாள்.

கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்து முடித்ததும் அம்மாவிடம் அப்படிக் கத்தினேனே என்று அழுதார். நாங்கள் இரண்டு பேருமாகத்தான் போன் பண்ணினோம். அத்தை என்னை மன்னிப்புக் கேட்க விடவில்லை. "நீ பெத்தவ. கத்தத்தான் கத்துவ. நான் உன் எடத்துல இருந்திருந்தா வீட்டுக்கே வந்து சண்ட போட்டிருப்பேன்" என்றார்கள்.

நான் செய்ததையும் சொல்ல வேண்டும். குழந்தை சாமானுக்குள் பிளாஸ்டிக் சத்தம் கேட்டால் எந்தத் தாயும் பிரித்துப் பார்த்திருப்பாள். நான் பார்க்கவில்லை. என் மாமியார் என்னோடு விளையாடுகிறார்கள் என்ற சந்தோஷத்தில் ஒரு மாதம் அமுக்கி அமுக்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன். இதனால் உன் பங்கு குறைந்துவிடாது. என் பங்கும் இருக்கிறது, அவ்வளவுதான்.

மருந்துக் கடை முதலாளியிடம் உன் அண்ணனே பேசினார். ஒன்றாம் தேதியிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் அத்தை இங்கே வந்து இருக்கட்டும் என்று கூப்பிட்டேன். சனிக்கிழமை வருகிறார்கள். உன்னை அழைத்து வர வேண்டாம், பக்கத்து வீட்டில் விட்டு வாருங்கள் என்று நான்தான் சொன்னேன். உனக்குத் தெரியட்டும், அது அத்தை முடிவு இல்லை.

உன்னைப் பார்த்தால் எனக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. முன்பு உன் கடிதம் வந்தால் கவரைக் கிழிப்பதற்கு முன்னாலேயே சிரிப்பு வந்துவிடும். இந்தத் தடவை கவரைப் பார்த்ததும் உள்ளங்கை வியர்த்தது. உன் கையெழுத்துக்கு நான் பயப்படுகிறேன். இதை உனக்கு வலிக்க வேண்டும் என்று எழுதவில்லை. மறைத்து எழுதினால் அதுவும் ஒரு பொய் ஆகிவிடும், நம் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பொய் போதும்.

நீ கடைசியில் வாய் திறந்தாய். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அத்தை காலம் பூராவும் தன் மூளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள், நானும் அவர்களை வெறுத்துக்கொண்டே இருந்திருப்பேன். அதை நினைக்கிறபோது மட்டும் உன் மேல் இருக்கிற கோபம் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறது.

பரீட்சை முடிந்து விடுமுறை விட்டதும் வா. வருவதற்கு முன் எழுத வேண்டாம், அத்தையிடம் நாளைச் சொல்லிவிட்டு வா. கதவை நானே வந்து திறப்பேன். அதற்கு மேல் இப்போதைக்கு என்னால் வாக்குக் கொடுக்க முடியாது.

அண்ணி