ஒரே சட்டைப்பையில் போன இரண்டு குழாய்கள்

அனுப்புநர்:
இரட்டைக் குழந்தைகளின் தாயைப் பெற்றவள்,
ஏழாம் எண் கட்டில், பிரசவப் பகுதி.

பெறுநர்:
உயர்திரு கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: என் பேரன்கள் இருவருக்கும் வெள்ளை அணுவை இன்றே மறுபடி எண்ணிப் பார்க்கக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறி, எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே இரண்டு ஆண் குழந்தைகள் பிறந்தன. இன்றோடு ஆறு நாள். பெரியவனுக்கு ரத்தத்தில் வெள்ளை அணு குறைவு, கிருமி வந்தால் எதிர்த்து நிற்க ஆள் போதாது என்று டாக்டரம்மா சொன்னார்; அணு ஏற அவனுக்கு ஊசியும் போட்டு வந்தார்கள். ஒரே வயிற்றில் இருந்தவர்களில் ஒருவனுக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். "நல்லா கேட்டீங்கம்மா. அவன்தான் எடை ரொம்பக் கம்மி, உள்ளே அவனுக்குச் சரியா ரத்தம் போகல" என்றார். அவர்மேல் எனக்குக் குறையில்லை.

2. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் காதில் விழுந்தது எனக்கு மறந்து போகாது. திங்கள், செவ்வாய், புதன் பெரியவனுக்கு 2,100, 1,900, 1,800. சின்னவனுக்கு 8,200, 8,400, 8,700. இன்று பெரியவனுக்கு 8,900, சின்னவனுக்கு 1,700 என்கிறார்கள்.

3. "பெரியவனுக்கு ஏறிடுச்சு பாட்டி, சந்தோஷப்படுங்க" என்றார் நர்ஸ். "சின்னவன் ஏழாயிரத்தை எங்கேம்மா தொலைச்சான்?" என்றேன். "குட்டிக் குழந்தைங்களுக்கு ஏறும், இறங்கும். போய் உட்காருங்க" என்றார். உட்காரச் சொன்னதை நான் மறக்கமாட்டேன், அது தனி.

4. காலையில் ரத்தம் எடுத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஊதா மூடி போட்ட குழாய்கள் இரண்டும் அதே நர்ஸின் ஒரே சட்டைப்பைக்குள் போயின. போன் வந்தது, பேசினார். பிறகு மேசையில் வைத்துச் சீட்டு ஒட்டினார். இரண்டு சீட்டிலும் என் மகள் பெயர்தான், கடைசியில் 1, 2 என்பது மட்டுமே வித்தியாசம்.

5. ரத்தம் ஒரே நாளில் இப்படி இடம் மாறுமா ஐயா? மாறும் என்றால் எப்படி என்று எனக்குச் சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசை. மாறாது என்றால், ஊசி வேண்டிய பெரியவனுக்கு நிறுத்திவிட்டு, வேண்டாத சின்னவனுக்குப் போடுகிறார்கள்.

6. ஆகவே இருவருக்கும் மறுபடி ரத்தம் எடுத்து, அவரவர் படுத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்ட உத்தரவிட வேண்டுகிறேன். என் சந்தேகம் தப்பு என்றால் அந்த நர்ஸிடம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பேன். என் நாத்தனாரிடம் இருபத்தொன்பது வருடமாக நான் கேட்காதது அது.

தங்கள் பதிலுக்காக வாசலிலேயே இருப்பவள்,
(கையொப்பம்)
இருவருக்கும் பாட்டி

இடம்: குறைமாதக் குழந்தைகள் பிரிவு, வெளி பெஞ்சு
தேதி: 14, வியாழன்
நேரம்: பகல் ஒன்றே கால். அடுத்த ஊசி ஆறு மணிக்கு.