நிலவுப் பட்டியில் ஒரு பிரசவம்

மார்ச் 3, 2094. காலை 8:10
நிலவுக் குடியிருப்பு, ஆட்டுப்பட்டி. எழுதுவது ஜெபசீலி, கால்நடை மருத்துவம், இறுதியாண்டு. கல்லூரி பூமியில், வகுப்பு திரையில். காற்றழுத்தம் சரி. சினை ஆடு ஒன்று தீவனம் தொடவில்லை. இன்று ஈனலாம்.

காலை 11:40
எனக்கு வகுப்பு பூட்டப்பட்டது. எங்கள் முகத்தையும் குரலையும் அளக்கும் மனநலக் கண்காணிப்பு நிரலின் செய்தி: "அழுகை பதிவாகியுள்ளது. நீங்கள் பயிற்சிக்குத் தகுதியான நிலையில் இல்லை. ஓய்வெடுக்கவும்."
அழுதது உண்மை. நேற்று ஒரு கிடாக்குட்டி என் மடியிலேயே செத்தது. யாரும் விசாரிக்கவில்லை. போன பருவத்தில் குணவதியையும் இப்படித்தான் ஓய்வுக்கு அனுப்பி, பிறகு நீக்கினார்கள். எங்கள் வகுப்பில் அவளைவிடக் கெட்டிக்காரி கிடையாது.

மதியம் 2:05
ஆடு முக்குகிறது. குட்டியின் முன்னங்கால்கள் வந்துவிட்டன, தலை வரவில்லை. இங்கே மருத்துவர் வேறு யாரும் இல்லை. பேராசிரியரை அழைத்தேன். "ஓய்வில் உள்ளோருக்கு இணைப்பு இல்லை" என்றது நிரல்.
அவசர வானொலி பூமியில் எந்தத் தொலைபேசிக்கும் போகும். விபத்துக்கு மட்டும் என்பது விதி. விதி கிடக்கட்டும். தர்மபுரிக்கு, குணவதிக்குப் போட்டேன்.

2:20
"குணா, தலை பின்னால மடங்கிக் கெடக்கு. என்ன பண்றதுடி?"
"எண்ணெய் நல்லாத் தடவிக்கோ. அது முக்காத நேரமாப் பாத்து குட்டிய உள்ள தள்ளு. மூக்க உள்ளங்கையில பொத்தி முன்னால திருப்பு."
"வழுக்குது. அழுகையா வருது."
"அழுதுக்கிட்டே செய்யி. நிறுத்தாத."

3:15
குட்டி மூச்சு விடுகிறது. தாய் நக்கிக்கொடுக்கிறது. குணவதி தொலைபேசியை வைக்கவில்லை. "வெளிய அனுப்புனப்புறம் ஒருத்தரும் எங்கிட்ட பேசல, சீலி. நீதான் மொதல்ல." அப்புறம் இருவரும் நெடுநேரம் பேசினோம்.

மார்ச் 4. காலை 9:30
கல்லூரி: "நிலைகுலைந்த மனநிலையில் வானொலியைத் தவறாகப் பயன்படுத்தியதாக ஒப்புக்கொண்டால் தொடரலாம்."
நான்: "அழுதேன். அழுதுகொண்டேதான் குட்டியை எடுத்தேன். இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள்."

9:50
என்னை நீக்கிவிட்டார்கள். வானொலியையும், கல்லூரிக் கணக்கில் இருக்கும் இந்தப் பதிவையும் எந்த நொடியும் அணைக்கலாம். அணைக்கட்டும். என் வானொலி எண்ணையும் தன் எண்ணையும் குணவதி கல்லூரி மாணவர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். யாருக்குத் தாங்க முடியவில்லையோ அவர்கள் கூப்பிடலாம்.

10:02
முதல் அழைப்பு. இரண்டாம் ஆண்டு மாணவி. பெயர் சொல்லப் பயப்படுகிறாள்.
"பேரெல்லாம் வேணாம்மா. என்ன ஆச்சுன்னு மட்டும் சொல்